ரோட்டுக்குப் பதினோரு சென்ட்: நில எடுப்பில் நாங்கள் கடந்து வந்த மூன்று வருடங்கள்

2022 ஆடி மாதம். திருப்பூரில் வேலையில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். "கண்ணு, நம்ம தென்னை மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுட்டுப் போறாங்க." முக்காலி வைத்த கருவியோடு நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ரோட்டோரமாக அளந்து, வேலிக்கு உள்ளே சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, ஆறு தென்னைக்கும் ஒரு வேம்புக்கும் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று அம்மா கேட்டதற்கு, "ரோடு அகலமாகுதுங்க" என்று மட்டும் சொன்னார்களாம்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் டேப் பிடித்து அளந்தேன். எங்கள் முகப்பு 90 மீட்டர். கோடு 5 மீட்டர் உள்ளே இருந்தது. 450 சதுர மீட்டர், அதாவது நாலரை ஏர்ஸ், ஏறக்குறைய பதினோரு சென்ட். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பெயின்ட் கோடு தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வைத்தேன். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

ரோடு அகலமாவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஐந்தரை மீட்டர் தார், அதில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி வந்தால் மற்ற வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி நிற்கும். என் மாமா ஸ்கூட்டரில் அப்படி ஓரம் ஒதுங்கி, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதனால் ரோடு வேண்டும். ஆனால் எவ்வளவு, எந்தப் பக்கம், எந்தப் பணத்தில் என்பதும் தெரிய வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மூன்று கேள்விகள்: சாலையின் குறுக்குவெட்டு வரைபடம், இருபுறமும் எடுக்கப்படும் அகலம், எந்த நிதித் தலைப்பு. பதில் வர ஒரு மாதம் ஆனது. வண்டி ஓடும் பகுதி 7 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் தார் போட்ட ஓரம், ஆக 10 மீட்டர். அதற்கு வெளியே மண் ஓரமும் வடிகாலும். நிதி: மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி.

இந்தப் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, இது நாம் பெட்ரோல் பங்கில் கொடுக்கிற பணம். 1927-இல் ஜெயகர் தலைமையில் அமைந்த சாலை மேம்பாட்டுக் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோலில் கூடுதல் வரி வைத்து, 1929-இல் ஆரம்பித்த சாலை நிதி இது. 2000-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 2018 பட்ஜெட்டில் சாலை மற்றும் உட்கட்டமைப்பு மேல்வரி என்ற பெயரில் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 8 ரூபாய் வைத்தார்கள். கொரோனா சமயத்தில் அது 18 ரூபாய் வரை ஏறியது. பிறகு இரண்டு முறை குறைத்ததில், 2022 மே மாதக் கணக்குப்படி பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 2. இந்த நிதியில் மாநிலச் சாலைகளுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குகிறார்கள். அதை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 30 சதவீதம் எரிபொருள் பயன்பாட்டை வைத்தும், 70 சதவீதம் நிலப்பரப்பை வைத்தும் பிரிக்கிறார்கள். வண்டி ஓட்டி வரி கட்டுவதில் முன்வரிசையில் நிற்கிற தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு நியாயமானதில்லை என்பது என் கருத்து. அதோடு, 2018-க்குப் பிறகு இந்த நிதி ரயில் போன்ற மற்றக் கட்டமைப்புகளுக்கும் போகிறது. லிட்டருக்குக் கொடுத்ததெல்லாம் ரோடாக வந்துவிடுவதில்லை.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அலுவலகப் படி ஏறும்போது நமக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. அரசாங்கம் ரோடு போட்டுக் கொடுக்கிறது, நாம் போய்க் கேள்வி கேட்பதா என்று. அந்தப் பதிலைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தயக்கம் போய்விட்டது. ஒவ்வொரு லிட்டருக்கும் பணம் கொடுத்தவர்கள் நாங்கள், இப்போது நிலமும் கொடுக்கிறோம்.

நோட்டீஸ் 2023 தை மாதம் வந்தது. 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், பிரிவு 15(2). நிலம் ஏன் எடுக்கப்படக் கூடாது என்று குறித்த தேதிக்குள் காரணம் சொல்லச் சொல்கிற நோட்டீஸ். அதில் எங்கள் பரப்பு 0.03.00 என்று இருந்தது. மூன்று ஏர்ஸ். நான் அளந்ததோ நாலரை.

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் போனேன். இந்தச் சட்டத்தின் கதையை அவர்தான் விளக்கினார். 2013-இல் மத்திய அரசின் புது நில எடுப்புச் சட்டம் வந்த பிறகு, மாநிலத்தின் இந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. அதே வருடம் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி இதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் அது செல்லும் என்றது. ஆகவே நிலம் எடுப்பது மாநிலச் சட்டப்படி, இழப்பீடு மட்டும் 2013 சட்டத்தின் கணக்கில் கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்வது, இதில் கிடையாது. "உங்க பேச்சு பதிவாகற ஒரே இடம் இந்த ஆட்சேபணை மனுதான் தம்பி. வாய்ல சொல்லிட்டு வந்துடாதீங்க" என்றார்.

ஊரில் பலரும் செய்த தவறு அதுதான். விசாரணை நாளில் போய், "கொஞ்சம் பார்த்துச் செய்ங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். வந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சொன்னது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

நானும் ஒரு தவறு செய்தேன். மனுவை முன்கூட்டியே நேரில் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்துவிட்டேன். விசாரணைக்குப் போனபோது அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார்கள். நல்லவேளை, நகல் கையில் இருந்தது. அங்கேயே கொடுத்து, இரண்டாவது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். அதற்குப் பிறகு எதை அனுப்பினாலும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்தான்.

சரி, அந்த ஒன்றரை ஏர்ஸ் எங்கே போனது? பெரியப்பா பங்கில் இருந்து 30 மீட்டர் முகப்புள்ள ஒரு துண்டை அப்பா 1994-இல் கிரயம் வாங்கினார். பத்திரம் பதிவாகி இருக்கிறது. ஆனால் பட்டா மாற்றவே இல்லை. முப்பது வருடமாக நாங்கள்தான் உழுதோம், கிஸ்தி கட்டினோம், யாரும் கேட்கவில்லை. அரசுப் பதிவில் மட்டும் அது பெரியப்பா பெயரில் இருந்தது. முப்பது மீட்டர், ஐந்து மீட்டர் உள்ளே, சரியாக ஒன்றரை ஏர்ஸ். நோட்டீஸ் அவர் பெயருக்குப் போயிருந்தது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் 2016-இல் தவறிவிட்டார்.

மூன்று வருடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் இந்தக் காகித வேலையிலேயே போயிற்று. அப்பாவின் வாரிசுச் சான்று, அதில் அம்மா, அக்கா, நான். பெரியப்பாவின் வாரிசுச் சான்று, அதற்குக் கோயம்புத்தூரில் இருக்கிற இரண்டு அண்ணன்களும் விண்ணப்பிக்க வேண்டும். வில்லங்கச் சான்று 1990-இலிருந்து. பிறகு உட்பிரிவோடு பட்டா மாறுதல், அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். வரிசையில் காத்திருந்தோம். இழப்பீட்டுப் பணம் வரப்போகிற நேரத்தில், தங்கள் அப்பா பெயரில் பட்டா இருந்தும், "சித்தப்பா பணம் கொடுத்து வாங்கின காடு அது, எங்களுக்கு எதுக்குடா" என்று சொல்லி வந்து கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு அண்ணன்களையும் நான் மறக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் இதே மாதிரி ஒரு விஷயம் பங்காளிச் சண்டையாகி, அவர்கள் இழப்பீடு நீதிமன்ற வைப்பில் கிடக்கிறது.

உங்கள் நிலத்தின் மேல் எந்த ரோட்டுத் திட்டமும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் இருக்கிற பெயரும் பட்டாவில் இருக்கிற பெயரும் ஒன்றா, பரப்பு ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பட்டா வந்த பிறகு கூட்டாக அளந்தார்கள். நாலரை ஏர்ஸ் சரி என்று குறித்துக்கொண்டார்கள். தென்னை, வேம்புக்கு ஒரு துறையும், முகப்புச் சுவரும் வாசல் கதவும் கட்டுமானம் என்பதால் இன்னொரு துறையும் மதிப்புப் போட்டன. வேலியை ஒட்டிப் புதைத்திருந்த தண்ணீர்க் குழாயை யாரும் எழுதவில்லை. மண்ணைத் தோண்டிக் காட்டி எழுத வைத்தேன். நிலத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் எழுதுவார்கள், மற்றதை நாம்தான் காட்ட வேண்டும்.

அடுத்து விலை. 2013 சட்டப்படி அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருடங்களில் பதிவான கிரயங்களில், விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதை எடுத்து, கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்றபடி ஒன்று முதல் இரண்டு வரை ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். மரம், கட்டடம் சேர்த்து, அதே அளவு ஆறுதல் தொகையும் கொடுக்கிறார்கள். நில மதிப்பின் மீது வருடத்துக்கு 12 சதவீதக் கூடுதல் தொகையும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எல்லோரும் பத்திரத்தை வழிகாட்டி மதிப்புக்கே எழுதுகிறார்கள். கைமாறுகிற பணம் வேறு, காகிதத்தில் ஏறுகிற பணம் வேறு. அந்தச் சராசரியும் அதனால் அடிமட்டத்தில் வந்து நின்றது. முத்திரைத் தாள் செலவில் மிச்சம் பிடித்ததற்கு ஊரே சேர்ந்து விலை கொடுத்தோம். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். வில்லங்கம் போட்டுத் தேடியதில் வங்கிக் கடனுக்காக உண்மை விலையில் பதிவான ஒரு கிரயம் கிடைத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகல் வாங்கி மனுவோடு இணைத்தேன். அதைக் கணக்கில் சேர்த்தார்கள். எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டுமல்லாமல் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் சென்ட் விலை கொஞ்சம் ஏறியது.

2024 கார்த்திகையில் பணம் மூன்று பேர் கணக்கிலும் தனித்தனியாக ஏறியது. வாங்கும்போது, தொகை போதாது என்ற ஆட்சேபணையோடு பெற்றுக்கொள்கிறேன் என்று வழக்கறிஞர் சொன்னபடி ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பின்னால் நீதிமன்றம் போவதென்றால் அந்த வரி வேண்டுமாம்.

மரம் வெட்டிய அன்று அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தார். ரோட்டோரத்தில் நெடுஞ்சாலைத் துறை வருடா வருடம் மகசூல் ஏலம் விட்ட புளியமரங்களும் போயின. ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நட்டதை நான் எண்ணி வைத்திருக்கிறேன், பாக்கி நிறைய இருக்கிறது.

வேலை ஆரம்பித்த பிறகும் ஒரு பிரச்சினை வந்தது. பழைய தாரைப் பெயர்த்து, ஜல்லிக் கலவை பரப்பி உருளை ஓட்டியபோது ரோட்டு மட்டம் எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி உயர்ந்து நின்றது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு மட்டத்தை ஏற்றக் கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. இளநிலைப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக வரைபடத்தை விரித்துக் காட்டினார். இது மேற்பூச்சு இல்லை, அடியிலிருந்து புதிதாகக் கட்டுவது, பள்ளத்தில் வெள்ளம் நிற்பதால் மட்டம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த வெள்ளம் இனி எங்கள் பக்கம் அல்லவா நிற்கும்? பழைய சிறுபாலம் ஒற்றைக் குழாய். ஐப்பசி மழைக்கே அது திணறும். தெருக்காரர்கள் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, முந்தைய மழையில் எடுத்த போட்டோக்களோடு, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிப் பாலமாக மாற்றினார்கள்.

மாமா இப்போது அந்த ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். வளைவில் மட்டும் பழைய பழக்கத்தில் ஓரம் ஒதுங்கப் பார்க்கிறார், அங்கே இப்போது தார் இருக்கிறது. வண்டிகளின் வேகம் கூடிவிட்டதால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் கேட்டு அடுத்த மனு எழுதியிருக்கிறோம். நாலரை ஏர்ஸ் போக மீதி நிலத்துக்குப் புது உட்பிரிவு எண்ணில் பட்டா வந்துவிட்டது. அதை அக்காவுக்கு ஒன்று, கோயம்புத்தூர் அண்ணன்களுக்கு ஒன்று என்று நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அசலை அப்பாவின் 1994 பத்திரத்தோடு சேர்த்து அம்மா பெட்டியில் வைத்திருக்கிறார்.