பச்சைக் கட்டையைக் கடைசலுக்குத் தயார் செய்வது: இதுவரை செய்தது

லேத்தில் சுழலும் மரத்தை உளியால் செதுக்கிக் கிண்ணம் போன்றவை செய்வதுதான் கடைசல். அதற்கு இந்தத் தடவை கையில் சிக்கியது ஒரு வேம்பின் அடிமரமும் கொஞ்சம் மாங்கட்டையும். இரண்டும் பச்சை, ரம்பம் போட்டு அதிக நேரம் ஆகாதவை. காய்ந்த கட்டையை விட எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் எங்கே அறுப்பது என்ற முடிவு இன்னும் நம் கையில் இருக்கிறது. கடைசலுக்கு வரும் மரம் வெடிப்பதும் வெடிக்காததும் லேத்தில் முடிவாவதில்லை, முதல் நாள் கட்டையை எப்படித் துண்டு போட்டோம் என்பதில்தான் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

மரம் வெட்டுகிறவரிடம் முன்கூட்டியே பேச முடிந்தால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: நீளமாக விடுங்கள், வட்டு வட்டாக அறுத்துவிடாதீர்கள். மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் அறுத்த முனை வழியாக ஈரம் பக்கவாட்டை விடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். நீளக் கட்டையில் முனையில் விழும் வெடிப்பைக் கொஞ்சம் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். குட்டைத் துண்டில் கழித்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

வந்த அன்றே இரண்டு முனைகளுக்கும் மெழுகு பூசினேன். இதற்கென்றே விற்கும் மெழுகுக் கரைசல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாரஃபின் மெழுகை உருக்கித் தடவலாம் (நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், மெழுகு தீப்பிடிக்கும்). மிச்சமிருக்கும் பெயின்டைக் கெட்டியாக இரண்டு பூச்சு அடிப்பதும் சும்மா விடுவதற்கு மேல்தான், ஆனால் மெழுகு அளவுக்குத் தாங்காது. கிளை வெட்டிய இடம், பட்டை உரிந்த இடம் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். அப்புறம் தரையில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைகள் மேல் நிழலில் வைத்தேன்.

இனி நடுக்குருத்து, அதாவது கட்டையின் மையத்தில் நீளவாக்கில் ஓடும் தண்டின் விஷயம். மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உள்ளே சும்மா நிற்கும் நீர் போனால் எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல் சுவருக்குள்ளேயே ஊறிக்கிடக்கும் நீர் கிளம்பும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பல மரங்களில் வளையத்தின் போக்கில் 8 சதவீதம் போலச் சுருங்கினால், நடுவிலிருந்து பட்டையை நோக்கி அதில் பாதிதான் சுருங்குகிறது, நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. முழு உருளையாக விட்ட கட்டையில் சுற்றளவு குறையப் பார்க்கிறது, விட்டம் அதே அளவுக்குக் குறைய மறுக்கிறது, கடைசியில் எங்காவது ஓரிடத்தில் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அதனால் குருத்தின் வழியாகவே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டேன், வேம்பைச் சங்கிலி ரம்பத்தாலும், நேரான நார் இருந்த மாங்கட்டையை ஆப்பும் சம்மட்டியும் வைத்தும். ரம்பமானால் கட்டையைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் நீளமாக இறக்குவது சுலபம், நூல் நூலாகச் சுருள் வரும், அது ரம்பத்தின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது அணைத்துவிட்டு எடுத்துவிட வேண்டியிருக்கும். கட்டை உருளாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்காமல் ரம்பத்தைத் தொடவே தொடாதீர்கள். பிளந்த பிறகு குருத்து ஒட்டியிருக்கும் பகுதியை இரண்டு பாதியிலும் ஒரு பலகை மாதிரிச் சீவி எடுத்தால்தான் வேலை முடிந்தது.

தெருவோர மரமோ வீட்டு மரமோ என்றால் ரம்பத்துக்கு முன்னால் உலோகம் கண்டறியும் கருவியை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஆணி ஆழமாகப் புதைந்திருந்தால் வெளியே தெரியாது, ஆனால் அறுத்த முகத்தில் நீலக்கறுப்பாகக் கறை ஓடியிருந்தால் சந்தேகப்படலாம். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் வரும் நிறம் அது.

சாய்ந்து வளர்ந்த கிளைகளை நான் எடுப்பதில்லை. குருத்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலே தெரிந்துவிடும், அதில் ஒரு பக்க நார் எப்போதும் இழுவிசையில் இருந்திருக்கும், காயும்போது கோணிக்கொண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது, கடைந்தாலும் பரப்பு பஞ்சு பஞ்சாக எழும்பும். கவை மட்டும் விதிவிலக்கு, அங்கே ரேகை அவ்வளவு அழகு.

பாதிக் கட்டைகளை வட்டமாக்கிப் பச்சையாகவே கரடாகக் கடைந்தேன், அறுத்த தட்டை முகம் கிண்ணத்தின் வாயாகவும் பட்டைப் பக்கம் அடியாகவும் வரும்படி. பச்சை மரம் கடைவது தனிச் சுகம், தூசி இல்லை, ஈரச் சுருள் நீளமாகப் பறக்கும், உளியும் சீக்கிரம் மழுங்காது. ஒரே குறை, சாறு பட்டு லேத்தின் இரும்பு துருப்பிடிக்கும், வேலை முடிந்த கையோடு துடைத்து எண்ணெய் போட வேண்டும். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 செ.மீ. கிண்ணத்துக்கு இரண்டரை செ.மீ. காயும்போது வட்டம் முட்டை வடிவமாகும், மறுபடி வட்டமாக்க இந்த இடம் வேண்டும். சக் (லேத்தில் கட்டையைக் கவ்வும் பிடி) பிடிக்கும் அடிக்கட்டையையும் அதே காரணத்துக்காகக் கொஞ்சம் பெரிதாக விட்டிருக்கிறேன்.

கடைந்ததைக் காகிதப் பைக்குள் அதன் சுருளோடு சேர்த்துப் போட்டு, பைமேல் தேதியும் எடையும் எழுதிவைத்தேன். ஈரமானி இருந்தாலும் எடைதான் எனக்கு நம்பிக்கை. எடை இறங்கி ஒரு நிலையில் அப்படியே நின்றுவிட்டால் சுற்றியுள்ள காற்றுக்குச் சமமாகிவிட்டது என்று பொருள், அதற்குமேல் காத்திருந்து பயனில்லை. பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

இப்போதைய நிலவரம்: வேம்புக் கிண்ணங்கள் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டன, எடை இன்னும் மெதுவாக இறங்குகிறது, வைரத்தின் (உள்மரம்) சிவப்பும் வெளிறின் (பட்டையை ஒட்டிய மரம்) வெளுப்பும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. மாங்கட்டை வேறு ரகம், சீக்கிரம் நீலம் பாரிக்கும், பூச்சியும் விரும்பும், அதனால் கடையாமல் வைத்திருந்ததில் பெரும்பகுதிக்குப் பட்டையை உரித்துவிட்டேன். ஒரு பாதியை மட்டும் வேண்டுமென்றே பட்டையோடு ஈரமான மூலையில் விட்டிருக்கிறேன், பூஞ்சை ஏறிக் கறுப்புக் கோடுகள் விழுந்தால் பார்க்க நன்றாயிருக்கும். அவ்வப்போது நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். கெட்டியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், அழுந்தினால் உளிக்கு நிற்காது. கோடு விழுந்த மரத்தைக் கடையும்போது முகமூடி கட்டாயம்.