திரீ நாட் திரீயும் கிரீன் கார்டு வரிசையும்

பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த மூன்று வருடமும் என்.சி.சி.யில் இருந்தேன். தேசபக்தி எல்லாம் அப்புறம். பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்குக்காகச் சேர்ந்தவன் நான். அந்தப் பூரிக்கு விலையாகத் தோளில் ஏறிய சாமான்தான் திரீ நாட் திரீ, அதாவது .303 எண்ஃபீல்டு துப்பாக்கி. கிட்டத்தட்ட நான்கு கிலோ. 'பகல் சஸ்த்ர' என்று ஹவில்தார் குரல் கொடுத்தால் தோளுக்குப் போக வேண்டும், 'சலாமி சஸ்த்ர' என்றால் மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். சுடுவதற்கு உதவாத, டிரில்லுக்கென்றே ஒதுக்கிப்போட்ட துப்பாக்கி. ஸ்டோர் ரூமில் அதை அடுக்கிவிட்டு வெளியே வரும்போது, இனி ஜென்மத்துக்கும் இதைத் தொடக்கூடாது என்று வாராவாரம் நினைப்பேன்.

2007 நவம்பரில் எச்1பி என்கிற வேலை விசாவில் ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ நகருக்கு வந்தேன். வந்த இரண்டாவது வாரம் பனிக்குக் கையுறை வாங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனால், தூண்டில் கம்புகளுக்கு அடுத்த அலமாரியில் வரிசையாகத் துப்பாக்கிகள். ஒன்றில் 89 டாலர் என்று அட்டை தொங்கியது. என் கூடையில் இருந்த கையுறையும் பூட்ஸும் சேர்ந்தால் அதைவிட விலை அதிகம்.

எங்கள் மாமா ஒருவர், தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேட்டு, கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தவர். கிடைத்த பிறகும் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். திரீ நாட் திரீ மாதிரி ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியை ஊரில் சாதாரண ஆள் நினைத்தே பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு, கையுறைக் கடையில் உலகப்போர் துப்பாக்கி தொங்குவது எப்படி இருக்கும்!

அந்த 89 டாலர் சாமான் மோசின்-நாகாண்ட், ரஷ்யத் துப்பாக்கி. 1891இல் ஜார் காலத்தில் ஏற்றுக்கொண்ட வடிவம், 1930இல் சில மாற்றம் செய்து, ஸ்டாலின்கிராட் போர் வரைக்கும் போனது. மூன்று கோடிக்கும் மேல் செய்தார்கள் என்கிறார்கள். போர் முடிந்ததும் சோவியத் கிடங்குகளில் பழுது பார்த்து, காஸ்மோலின் என்கிற கிரீஸில் முக்கி, மரப்பெட்டிக்கு இருபதாக அடுக்கிவைத்தார்கள். 1991இல் சோவியத் உடைந்த பிறகு பெட்டி பெட்டியாக இங்கே வந்து இறங்கியது. தேவைக்கு மேல் கிடந்ததால்தான் கையுறை விலை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, எனக்கு முன்பே வந்திருந்த தெலுங்கு நண்பர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: விசாவில் இருப்பவன் துப்பாக்கியை வைத்திருந்தால் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசன்ஸ் எடுத்தால் விதிவிலக்கு என்று ஒரு சந்து உண்டு. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பிக்க வேண்டியவனுக்குச் சந்தில் நுழையும் தைரியம் எங்கிருந்து வரும்? பார்ப்பதோடு சரி என்று முடிவெடுத்தேன்.

2010இல் கல்யாணம் முடித்து, ஊருக்கு வெளியே சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். பக்கத்து வீட்டில் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். டொலீடோவே கண்ணாடி ஊர்தான். முதல் கோடையில் ஒருநாள் அவர் புல்தரையில் முக்காலி போட்டு, துப்பாக்கிக் குழலுக்குள் புனல் வைத்து, கெட்டிலிலிருந்து கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி, "என்னங்க, அவரு அதுல டீ போடுறாரா?" என்றாள்.

டீ இல்லை. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடியில் நெருப்புப் பற்றவைக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் குழலுக்குள் உப்பு படியும். உப்புக்கு எண்ணெய் எடுபடாது, தண்ணீர்தான் மருந்து. விட்டுவிட்டால் இரண்டே நாளில் துரு. அப்போது 440 தோட்டா அடைத்த தகர டப்பா எண்பது டாலருக்குக் கிடைத்தது, அதற்கென்றே உள்ள திறப்பானால் வெட்டித் திறப்பது. சும்மா கிடைத்த மாதிரி விலை என்பதால் இந்தத் தண்ணீர் வேலையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. "பிடித்துப் பார்" என்று அவர் நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு என் விசா கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பத்து வருடத்துக்கு அதே கதைதான்: அவர் காட்டுவார், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன்.

அவரிடமிருந்துதான் இந்தச் சேகரிப்பு உலகத்தின் சட்டதிட்டம் புரிந்தது. நம் ஊரில் பழைய சாமானை விற்பதற்கு முன் தேய்த்து, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்குவோம். இங்கே அப்படிச் செய்தால் பாதி விலை போய்விடும். துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தவனைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் முகம் இழவு வீட்டு முகமாகிவிடும். போல்ட்டிலும் (தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளும் பாகம்) குழலிலும் மேகசினிலும் (தோட்டா அடைக்கும் பெட்டி) ஒரே எண் இருக்க வேண்டும். பின்னால் அடித்துச் சேர்த்த எண்ணாக இருந்தால் எழுத்து வடிவத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

குழலில் சின்னக் கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்ற முத்திரை இருந்தால், அது பின்லாந்துப் படைக்குப் போன ரஷ்யத் துப்பாக்கி, கூடுதல் விலை. அவரிடம் ஒரு ஜெர்மன் மவுசர் இருந்தது. இரும்பு வளையத்துக்கு அடியில் கட்டையைக் குறுக்கே அறுத்து, திரும்ப ஒட்டியிருந்தது. பையில் நுழையவில்லை என்று, 1945இல் ஊர் திரும்பிய ஏதோ ஓர் அமெரிக்கச் சிப்பாய் அறுத்தது. வளையத்தை நகர்த்தி, நகம் அளவுக்கான அந்தக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். வெட்டுப்பட்ட துப்பாக்கிக்கு விலை குறையத்தானே வேண்டும்? அவ்வளவாகக் குறைவதில்லை. அது பெட்டியில் இறக்குமதியான சரக்கு இல்லை, ஓர் ஆள் தூக்கி வந்தது என்பதற்கு அந்த வெட்டே அத்தாட்சி. அதற்கு ராணுவ அனுமதிச் சீட்டும் இருந்தால் விலை இன்னும் ஏறும்.

இறக்குமதியானதில் மட்டும், கொண்டுவந்த கம்பெனியின் பெயர், ஊர் எல்லாம் இரும்பிலேயே பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். சேகரிப்பவர்களுக்கு அந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது. வந்தேறி முத்திரை குத்தியதற்கு மதிப்புக் குறைவு என்பதைக் கேட்டபோது, பாஸ்போர்ட் முழுக்க முத்திரை வாங்கியிருந்த எனக்கு லேசாகக் கோபமே வந்தது.

இதற்கிடையில் விலை நகர ஆரம்பித்தது. என் கிரீன் கார்டு மனு 2011இல் போட்டது. இந்தியாவில் பிறந்தவனுக்கு வரிசை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாதாமாதம் விசா புல்லட்டினில், அதாவது அரசு வெளியிடும் வரிசைப் பட்டியலில், தேதி நகர்ந்ததா என்று பார்ப்பேன். கவுன்டி மைதானத்தில் துப்பாக்கிச் சந்தை போடும்போது பெரியவருடன் போய் மேசை மேசையாக விலையைப் பார்ப்பேன். முதலாவது நகரவில்லை; இரண்டாவது நகர்ந்துகொண்டே இருந்தது. 89 டாலர் மோசின் 150 ஆனது, 200 ஆனது, ஒரு கட்டத்தில் 300ஐத் தாண்டியது. மரப்பெட்டியில் சும்மா கிடந்ததை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

காரணம் ஒன்றல்ல. சீனத் துப்பாக்கி இறக்குமதியை 1994இலேயே கிளிண்டன் அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன் நூறு டாலருக்குள் கிடைத்த எஸ்.கே.எஸ். என்ற சீனத் துப்பாக்கி பின்னால் ஐந்நூறுக்கு மேல் போனது. 2014இல் கிரிமியா விவகாரத்துக்குப் பிறகு ரஷ்ய ஆயுதக் கம்பெனிகள் மேல் தடை. அமெரிக்காவே தென்கொரியாவுக்குக் கொடுத்திருந்த எம்1 கேரண்ட் துப்பாக்கிகள் திரும்பி வரப்போகின்றன என்று ஆசையாக இருந்தவர்களுக்கு, 2013இல் ஒபாமா அரசு கதவைச் சாத்தியது. 2020இல் கொரோனா வந்ததும் ஜனங்கள் கையில் கிடைத்த துப்பாக்கியை எல்லாம் வாங்கினார்கள். இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாதாரணக் கணக்கு இருக்கிறது: போல்ட்டை இழுத்துச் சுடும் ராணுவத் துப்பாக்கியை இனி எந்த நாடும் லட்சக்கணக்கில் செய்யப்போவதில்லை. இருப்பது அவ்வளவுதான். என்னைக் கேட்டால் வீடியோ கேமுக்கும் பங்கு உண்டு. சந்தையில் மோசினைத் தூக்கிப் பார்க்கும் இருபது வயதுப் பையன்களுக்கு அதன் பாகம் பாகமாகத் தெரிகிறது, தொட்டது மட்டும் கிடையாது.

கேரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907 முதல் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டி நடக்கும் இடம். அங்கேயே, நாடாளுமன்றம் 1996இல் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு ஒன்று ராணுவத்தின் பழைய கேரண்ட்களைக் குடிமக்களுக்கு விற்கிறது. பெரியவர் அங்கே வாங்கியதில் எட்டுத் தோட்டாவும் தீர்ந்தால் இரும்புக் கிளிப் 'டிங்' என்று துள்ளி வெளியே விழும். புதிதாகப் போடும்போது கவனம் தவறினால் போல்ட் வந்து கட்டைவிரலைக் கவ்வும். அவருடைய நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அதைப் பதக்கம் மாதிரிக் காட்டுவார்.

தபாலில் வாங்கிய காலமும் உண்டாம். 1963இல் கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு, தொலைநோக்கி மாட்டிய இத்தாலியத் துப்பாக்கியைத் தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட்டுக்கு வரவழைத்தவர். 1968 சட்டம் தபால் விற்பனையையும், பழைய ராணுவத் துப்பாக்கி இறக்குமதியையும் சேர்த்து நிறுத்தியது. 1980களில்தான் சேகரிப்புக்கானவற்றுக்கு மறுபடி வழிவிட்டார்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். 2008இல் ஒரு சந்தையில் ஒரு மேசையின் ஓரத்தில் ஒரு துப்பாக்கியைப் பார்த்துக் கால் நின்றுவிட்டது. அந்த மழுங்கின மூக்கு. தோள் உடனே கண்டுகொண்டது. அட்டையில் 'இந்தியன் எண்ஃபீல்டு, 160 டாலர்' என்று எழுதியிருந்தது. பக்கவாட்டில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்து: ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர், வங்காளம். ஆனால் இது திரீ நாட் திரீ இல்லை, அதன் தம்பி. 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே பழைய உருவத்தில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 என்ற மாடல். பழைய துப்பாக்கியையே குடைந்து மாற்றியது என்று விற்பவர் அடித்துச் சொன்னார். தப்பு, அதிக அழுத்தத்தைத் தாங்க நல்ல எஃகில் புதிதாகவே செய்தது. அன்றைக்கு எனக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கை பின்னால்தான்.

2021 கோடையில் கார்டு வந்தது. பத்து வருடம். வந்த கையோடு பெரும்பாலானவர்கள் ஊருக்கு டிக்கெட் போடுவார்கள். கொரோனாவில் அதுவும் முடியவில்லை. அக்டோபர் சந்தைக்குப் போனோம். பெரியவருக்கு அப்போது எண்பது, கைத்தடி வந்திருந்தது. நான்காவது வரிசையில் ஒரு 2ஏ1, 1967 என்று அடித்தது. கட்டையின் குறுக்கே, பிளந்துவிடாமல் இருக்க இஷாப்பூர்க்காரர்கள் போடும் திருகு. அட்டையில் 475.

எடுத்தேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளியபோது வந்த சத்தத்தில், ஸ்டோர் ரூம் வாசல், ஹவில்தாரின் மீசை, ஆறின பூரி எல்லாம் வந்து நின்றது. என்னை அறியாமல் தோளுக்கு ஏற்றிவிட்டேன். மேசைக்காரர் பதறிப்போய், "சார், குழல் மேலே பார்க்கட்டும்" என்றார். மேலேதான் பார்த்தது.

துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தில், குடியேறாதோர் விசாவில் வந்தவரா என்று ஒரு கேள்வி உண்டு. கிரீன் கார்டு கிடைத்தவன் அதற்கு 'இல்லை' என்று டிக் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் கணினிச் சோதனையில் 'தாமதம்' என்று பதில் வந்தது. பத்து வருடம் நின்றவனுக்கு மூன்று வேலை நாள் ஒரு பொருட்டா? அடுத்த வாரம் கடையிலேயே போய் வாங்கி வந்தேன். இரும்பு அலமாரியில் பூட்டி, போல்ட்டைத் தனியாக வேறு இடத்தில் பூட்ட வேண்டும் என்பது மனைவி போட்ட நிபந்தனை.

அன்று இரவு அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏல, இது ஸ்டேஷன்ல பாரா நிக்கிறவன் வச்சிருப்பானே, அதுல்லா? இதையா காசு குடுத்து வாங்குன?"

விலையைச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ்கூட 2020 குடியரசு தினத்தோடு திரீ நாட் திரீக்கு விடை கொடுத்துவிட்டது, இனி இது அபூர்வம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நாளைக்கு ஆயுத பூஜ. ஒரு பொட்டு வச்சிரு."

இங்கேதான் சிக்கல். ஐம்பத்து நான்கு வருட மெருகு உள்ள கட்டையில் சந்தனமா? உப்புத்தாள்காரனுக்கே இழவு முகம் காட்டியவர் பக்கத்து வீட்டில். அம்மாவோ மறுநாள் போட்டோ கேட்பாள். கடைசியில் குழலின் இரும்பில், மெல்லிசாக எண்ணெய் பூசி, அதன்மேல் கடுகளவு சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாயங்காலம் பெரியவர் சுண்டல் வாங்க வந்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது அழியும்தானே?" என்றார்.