ஒரு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய ரசீது

எங்கள் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அத்தை தன் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் எனக்குத் துணை, லேபர் வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர். செவிலியர் மருத்துவச்சியர் கவுன்சிலில் பதிவு உள்ளவர். ஏழாம் மாதத்திலிருந்து வந்து பார்ப்பது, வலி எடுத்தால் கூட இருப்பது, பிறகு பத்து நாள் கவனிப்பு, எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் பேசினோம்.

வீட்டுக்காரர் கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பாலிசியில் பிரசவத்துக்கு 50,000 வரை உண்டு. கேட்டுவிடலாமே என்று போன் போட்டோம். "வீட்லயா மேடம்? அப்போ டிஸ்சார்ஜ் சம்மரி யார் தருவாங்க?" என்றார் எதிர்முனையில் இருந்தவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்று இரவு பாலிசியை வரிவரியாகப் படித்தோம். மருத்துவமனை என்றால் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, பெரிய ஊரில் 15. இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும், ஆபரேஷன் தியேட்டர் வேறு. எங்கள் வீட்டில் கட்டில் ஒன்றுதான். வீட்டில் எடுக்கும் சிகிச்சைக்கும் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் அது நோயாளியை நகர்த்த முடியாதபோதோ, ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காதபோதோதான். பிரசவம் நோயில்லையே.

பணத்தை விடுங்கள், சிஸ்டரே ஒப்பவில்லை. "தலைப்பிரசவம். ரத்தப்போக்கு நிக்கலைன்னா அந்தப் பனியில இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கணும். என் கை மட்டும் போதாதும்மா." அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான், அப்போது சொல்லவில்லை.

தேதிக்குப் பத்து நாள் முன்பே சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே நான் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை பெட் இருக்கு?" ரிசப்ஷன் பெண் சிரித்துவிட்டாள். பன்னிரண்டு. பதிவுச் சான்றிதழ் நகலையும் அப்போதே வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு வலி. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குக் கிளம்பினோம், பதினொன்றே முக்காலுக்குப் பெண் பிறந்தாள். கிராம சுகாதார செவிலியர் ஆரம்பத்திலேயே பதிந்து கொடுத்த பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) இருந்ததால் பிறப்புச் சான்றிதழுக்கு அலையவில்லை.

பில் 41,300. அந்த நர்சிங் ஹோம் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இல்லாததால் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். கிளெய்ம் படிவத்தில் பார்ட் ஏ நமக்கு, பார்ட் பி ஆஸ்பத்திரிக்கு. அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, கேன்சல் செய்த செக். அனுப்பிய எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்ததால் பிழைத்தோம். பார்ட் பி-யில் பதிவு எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு குவெரி, வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு. கையுறை, நாப்கின் மாதிரி சில்லறைகளைக் கழித்துக்கொண்டு 39,150 வந்தது.

சிஸ்டர் கொடுத்த 12,000 ரசீதையும் சேர்த்தே அனுப்பியிருந்தேன். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதிவு எண் எழுதி, ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டது. அதற்கு மட்டும் ஒரு பைசா வரவில்லை.

ஆனால் நான் கணக்கு எழுதும் எஸ்டேட்டில் அப்போதைய மகப்பேறு பயன் சட்டப்படி 3,500 ரூபாய் மெடிக்கல் போனஸ் கேட்டு வாங்கினேன். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் கவனிப்பை முதலாளி இலவசமாகத் தராவிட்டால் அது உண்டு. எங்கே பெற்றாய் என்று யாரும் கேட்கவில்லை. 26 வார விடுப்பு தெரிந்த மேனேஜருக்கே இது தெரியாது, சட்டத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ரசீது தள்ளுபடியானதைச் சிஸ்டரிடம் சொன்னேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அடடா, ஒரு ரூபா ஸ்டாம்பு வீணாப்போச்சே" என்றார்.