மழைக்கு முன்னே அலுமாரியைத் திறந்துவிடுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் வீடு என்றால் அலுமாரியை ஒழுங்குபடுத்துவது அழகுக்காக இல்லை, பூஞ்சணத்துக்குப் பயந்துதான். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் செப்டெம்பர் வரை துணி ஒழுங்காகக் காயாது, நெருக்கி அடுக்கியதற்குள் காற்றும் போகாது, அப்புறம் கம்பளிச் சட்டையிலும் தோல் சப்பாத்திலும் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதனால் சித்திரை வருசத்துக்கு வீட்டைக் கழுவும்போதே எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். போடாத உடுப்பை அப்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டின் 10க்கு 12 அடி லயக் காம்பராவில் அதற்கெல்லாம் இடமில்லை. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

ஆனால் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்களை மட்டும் தயவுசெய்து எறியாதீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது, இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிக் குடும்பங்களைப் பிரித்தது, கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003இல்தான் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழும் ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்களும் அந்த வரலாற்றின் கையிருப்பு! நன்றாக உலர்ந்த நாளில் அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மேல்தட்டில் வையுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள். லேமினேட் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. பெட்டியைத் திறக்கும்போது அப்பாயியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.