காப்பு நகலிலிருந்து நூலகப் பட்டியலை மீட்ட கதை

எங்கள் ஊர்ச் சங்க நூலகத்தின் சர்வரில் வன்தட்டு பழுதாகிவிட்டது. மிஞ்சியது மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருளில் எடுத்த டம்ப் கோப்பு (தரவு முழுவதையும் கட்டளைகளாக எழுதிவைத்த காப்பு நகல்) மட்டும். மாற்றாகக் கிடைத்த வாடகை சர்வரிலோ அதிலிருந்து கிளைத்த மரியாடிபியின் பழைய பதிப்பு.

ஏற்றத் தொடங்கியதுமே 1273 என்ற பிழை. ‘யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ’ என்ற கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி, தனக்குத் தெரியாது என்றது. 8.0-இல் இயல்பாக அமைவது இதுதான். பழைய மரியாடிபியில் இது கிடையாது. உடனிருந்த நண்பர், “ஃபோர்ஸ் கொடுத்து ஓட்டிவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்றார். எனக்குச் சம்மதமில்லை. ஃபோர்ஸ் பிழையைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்; உருவாகாத அட்டவணையில் தரவு எப்படி ஏறும்? ‘அட்டவணை இல்லை’ என்று 1146 வரிசையாகக் கொட்ட, முதல் பிழை அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும். டம்ப் கோப்பில் அந்தப் பெயர் வந்த இடங்களை எல்லாம் ‘யூடிஎஃப்8எம்பி4_யூனிகோடு_சிஐ’ என மாற்றினேன். அடுத்து வந்தது அனுமதி இல்லை என்ற 1227; வியூக்களில், அதாவது சேமித்துவைத்த வினவல்களில், அவற்றை உருவாக்கிய பழைய பயனரைக் குறிக்கும் டிஃபைனர் பகுதியை நீக்கியதும் அது போயிற்று.

பிழையே இல்லாமல் ஏறி முடிந்தது. தலைவலி அதற்குப் பிறகுதான். புத்தகத் தலைப்புகளில் தமிழைக் காணோம். மெய்யெழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ அடைத்த வணிகமுத்திரைக் குறி, கூடவே இன்னொரு கிறுக்கல். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் உரிய 3 பைட்களை மூன்று தனி எழுத்துகளாக வாசித்தால் இப்படித்தான் தெரியும். நூலகத்தின் பழைய மென்பொருள், எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிடும் லத்தீன்1 குறியாக்கப் புலத்தில், லத்தீன்1 இணைப்பிலேயே எழுதி, அதிலேயே படித்துவந்ததால் இத்தனை காலம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த நிலையில் அட்டவணையை நேராக, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்துக்கு மாற்றினால் கிறுக்கலே நிரந்தரமாகிவிடும். நகல் அட்டவணை ஒன்றில், தலைப்புப் புலத்தை முதலில் வெறும் பைட்களாக, வார்பைனரியாக மாற்றினேன்; பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்துப் புலமாக, வார்கேராக மாற்ற முயன்றபோது, பைட்கள் செல்லாதவை என்ற 1366 வந்து வரிசை எண்ணோடு தடுத்தது. அந்த வரிசையைத் திறந்தால், நீண்ட தலைப்பொன்று 255 பைட்டில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து பாதியில் நின்றது. தமிழுக்கு அந்த இடம் 85 குறியீடுகளுக்குத்தான் போதும். கட்டுப்பாடு தளர்ந்த பழைய மைஎஸ்கியூஎல் பதிப்பு மிச்சத்தைச் சத்தமின்றி விழுங்கியிருக்கிறது.

அப்படி வெட்டுண்ட தலைப்புகளில் பாதி எழுத்தை மட்டும் நீக்கியதும் மாற்றம் நடந்தது, தமிழ் திரும்பியது. விழுங்கப்பட்ட பகுதி எந்த நகலிலும் இல்லை. நூலகர் அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்துவைத்து, முழுத் தலைப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.