ஸ்கூல்ல ஆர்ஓ (ரிலிஜியஸ் அப்சர்வன்ஸ்) பத்தி ஃபார்ம் வந்திருந்தா தயவுசெஞ்சு பதில் எழுதுங்க

இங்க ஸ்காட்லாந்துல பையன் படிக்கிற செகண்டரி ஸ்கூல்லருந்து பேரண்ட்ஸுக்கு ஒரு ஃபார்ம் வந்திருக்கு. ரிலிஜியஸ் அப்சர்வன்ஸை எல்லா பசங்களும் கலந்துக்கற மாதிரி மாத்தலாம்னு இருக்கோம், உங்க கருத்து என்னன்னு கேட்டிருக்காங்க. நம்ம தமிழ் வாட்சப் குரூப்ல போட்டேன், பாதி பேர் "அது ஆர்எம்ஈ (மத, நன்னெறிக் கல்வி) பாடம்தானே, இருந்துட்டு போகட்டும்"னு சொல்லிட்டாங்க.

இல்லைங்க, ரெண்டும் வேற. ஆர்எம்ஈ கிளாஸ்ரூம்ல நடக்கற பாடம், எல்லா மதம் பத்தியும், மதமே இல்லாதவங்க பத்தியும் படிக்கறது. ஆர்ஓங்கறது ஸ்கூலே ஒண்ணா கூடி செய்யறது, அசெம்பிளி ஹால்லயோ பக்கத்து சர்ச்லயோ, கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, டெர்ம் முடியறப்ப. எங்க பக்கம் அதை நடத்த சாப்ளினா வர்றது சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மினிஸ்டர்தான், அதாவது பாதிரியார். நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்லவே இல்ல.

இது ஏதோ ஹெட் டீச்சர் விருப்பத்துக்கு நடக்குதுன்னு நினைக்காதீங்க, 1980 கல்விச் சட்டத்துலயே இருக்கு. உள்ளூர் கவுன்சில் நினைச்சாக்கூட ஆர்ஓவை நிறுத்த முடியாது, தீர்மானம் போட்டு அந்த ஏரியா வாக்காளர்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி ஜெயிச்சாதான் முடியும். அதே சட்டத்துல, பேரண்ட் விரும்பினா பிள்ளையை அதுலருந்து விலக்கிக்கலாம்னும் இருக்கு. ஆனா உள்ள என்ன நடக்கணும்னு சட்டம் சொல்லல, அது அரசு குடுக்கற கைடன்ஸ்லதான் வருது. 2004ல வந்த ஒரு ரிவியூ ரிப்போர்ட், ஆர்ஓங்கறது ஸ்கூல்ல இருக்கற எல்லாரோட ஆன்மிக வளர்ச்சிக்கும்தான், எல்லாருக்கும் பொதுவான மதிப்பீடுகளைக் கொண்டாடறதுக்குத்தான்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் வந்த கைடன்ஸ் படி டைம் ஃபார் ரிஃப்ளெக்‌ஷன்னு பேரு வெச்சுக்கக்கூட ஸ்கூலுக்கு இடம் இருக்கு. அதனால ஹால்ல என்ன நடக்கணுங்கறதுல ஸ்கூலுக்கு நிறைய சுதந்திரம் இருக்கு, அதுனாலதான் இந்த ஃபார்ம் எனக்கு இவ்வளவு முக்கியமா படுது.

நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இங்க ஒரு விஷயம் தலைகீழா இருக்கும். இந்திய அரசியலமைப்புச் சட்டம் 28(3) படி, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்கற ஸ்கூல்ல மத வழிபாட்டுல கலந்துக்கச் சொல்லணும்னா முதல்ல சம்மதம் வேணும், பிள்ளை மைனரா இருந்தா கார்டியனோட சம்மதம். இங்க நீங்க வாயத் திறக்கலன்னா பிள்ளை உள்ளதான் இருக்கும். இந்தியால அந்த சம்மதத்தை யாரும் வந்து கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல, நான் படிச்ச கான்வென்ட்ல காலைல ஜெபம் சொல்லிட்டு சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்குப் போனவதான் நானும், அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா அது எனக்கு சரியா இருந்துச்சுங்கறதுக்காக என் பிள்ளைக்கும் சரியாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணக்கூடாது இல்லயா.

அவன்கிட்டயே கேட்டேன், உனக்கு வேணாம்னா எழுதிக் குடுத்துடட்டுமா கண்ணான்னு. "அம்மா, அப்ப எல்லாரும் ஹால்ல இருக்கறப்ப நான் மட்டும் லைப்ரரில போய் உக்காரணுமா?"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு "அங்க இருக்கறது ஓகேம்மா, ஆனா தலைய குனிஞ்சு ஆமென் சொல்லச் சொல்றப்பதான் என்ன பண்றதுன்னு தெரியல"ன்னான்.

அந்தப் பதில் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது, ஏன்னா ஃபார்ம்ல இருக்கற கேள்வி எதுலயும் அது வரல. ஆர்ஓ தொடரணுமா, உங்க பிள்ளையை விலக்கிக்க விரும்பறீங்களா, ஆமா இல்ல, அவ்வளவுதான். விலகற பிள்ளை அந்த நேரத்துல என்ன செய்யும், பசங்க கிட்ட தனியா கேட்டாங்களா, ஒண்ணும் இல்ல. இத்தனைக்கும் விலக்கற உரிமை பேரண்ட் கையில மட்டும் இருக்கறது சரியான்னு நாடே பேசியிருக்கு. 2016லயே ஐநா குழந்தைகள் உரிமைக் குழு, பிள்ளைங்களுக்கே அந்த உரிமை வேணும்னு சொல்லியிருக்கு. 2025ல எடின்பரோல இருக்கற ஸ்காட்டிஷ் பார்லிமென்ட்ல கொண்டு வந்த மசோதாவுல, பேரண்ட் விலக்கச் சொல்லி, பிள்ளை "இல்ல, நான் இருக்கேன்"னு சொன்னா பிள்ளை பேச்சைத்தான் எடுத்துக்கணும்னு வெச்சாங்க. பிள்ளை தானா விலகறேன்னு சொல்ற உரிமை கொண்டு வந்தப்ப அதுல இல்ல. எனக்கு அது பாதிக் கிணறு தாண்டற மாதிரிதான் தெரியுது.

நான் ஃபார்ம்ல இடம் பத்தாம தனியா ஒரு மெயிலே எழுதினேன். பைபிள் கதை சொல்லுங்க, கேரல் பாடுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா கேக்கறது வேற, கும்பிடச் சொல்றது வேற. ஜெபம் பண்றதா இருந்தா "நான் என் வழக்கப்படி ஜெபம் பண்றேன், நீங்க அமைதியா இருந்தா போதும்"னு மினிஸ்டர் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடட்டும். ஸ்காட்டிஷ் பார்லிமென்ட்லயே வாராவாரம் டைம் ஃபார் ரிஃப்ளெக்‌ஷன்னு சில நிமிஷம் ஒதுக்கி ஒவ்வொரு மதத்துக்காரரும் மதம் இல்லாதவங்களும் மாறி மாறி வந்து பேசறாங்க, அந்த மாதிரி ஸ்கூல்ல முடியாதா என்ன? அதுக்காக எல்லா மதத்தையும் வழிச்செடுத்துட்டு "அன்பா இருங்க"ன்னு ஒரு பவர்பாயிண்ட் போட்டு முடிச்சுடாதீங்கன்னும் எழுதினேன். நோன்பு இருக்கற பொண்ணு பசியோட எப்படி தொடர்ந்து ரெண்டு பீரியட் மேத்ஸ்ல உக்காந்தான்னு சொல்லட்டும், கடவுள் நம்பிக்கை இல்லாத பையன் தாத்தா செத்தப்ப எதைப் புடிச்சு நின்னான்னு சொல்லட்டும். 2022 சென்சஸ்ல ஸ்காட்லாந்துல 51.1 சதவீதம் பேர் மதம் இல்லன்னு சொல்லியிருக்காங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் அதே ஹால்லதான் உக்காந்திருக்கு.

இன்னொண்ணு. 2006 சட்டப்படி ஸ்கூல்ல பிள்ளை இருக்கற ஒவ்வொரு பேரண்ட்டும் பேரண்ட் ஃபோரம்ல உறுப்பினர், யாரும் உங்களை சேக்க வேண்டியதில்ல. கேர் ஹோம்ல நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க சாயங்கால மீட்டிங்குக்கு வர முடியாது, அதனால போன்லயும் கருத்து கேளுங்கன்னு, ஃபோரம் சார்பா பேசற பேரண்ட் கவுன்சிலுக்கு சொல்லியிருக்கேன், பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஃபார்ம் ஃபில் பண்றதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டுட்டு, அது சொன்னதை அப்படியே எழுதுங்க. ஆங்கிலத்துல எழுத தயக்கமா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து எழுதலாம்.