வெருகலுக்கு ஒரு கிடாரம்

சிறப்பு மலர் போடுற குழுவில இருக்கிற தம்பி போன் எடுத்து, "அண்ணை, இந்தமுறை லீவுக்குக் கனபேர் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகினம், கோடையில திருகோணமலையில என்ன பாக்கிறது என்ன சாப்பிடுறது எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" எண்டார். ஓம் எண்டு சொல்லிப்போட்டு இருந்தா, கை வேற எங்கயும் போகுதில்ல, நேரா வெருகல் முருகன் கோயிலுக்குத்தான் போகுது. அதால கேட்டதைக் கொஞ்சம் கெதியாச் சொல்லிப்போட்டு அங்க வாறன், தம்பி கோவிக்கக்கூடாது.

முதல்ல காத்தைச் சொல்லவேணும். எங்கட ஊரில கச்சான் ரெண்டு. ஒண்டு காத்து, மற்றது கோயில் திருவிழாவில விக்கிற கச்சான், நிலக்கடலை. லண்டனில பிறந்த என்ர மகளுக்கு ரெண்டாவதுதான் தெரியும், "கச்சான் அடிக்குது" எண்டு நான் சொன்னா ஆரோ கச்சானால எறியுறாங்கள் எண்டு நினைச்சுச் சிரிக்கிறாள். வைகாசியில தொடங்கினா புரட்டாசி மட்டும் இந்தக் காத்து விடாது. தென்மேற்கால வரேக்க மழையையெல்லாம் அந்தப் பக்கத்து மலையள்ளயே கொட்டிப்போட்டு எங்களுக்கு வெறும் சூட்டை மட்டும்தான் கொண்டு வரும், கதவு படார் எண்டு அடிக்கும், உதடு வெடிக்கும், கோப்பையில சோறு போட்டுக் கறி எடுக்கத் திரும்பிறதுக்குள்ள சோத்தில மண். ஆனா ஒரு நன்மை கிடக்கு, தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து எண்டபடியா எங்கட பக்கம் அலை அமந்துபோகும். நீர்கொழும்பு சிலாபம் பக்கம் கடல் கொந்தளிக்கேக்க நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்த நாளில அங்கத்தைய மீன்பிடிக்காரர் குடும்பத்தோட வந்து கரையில கொட்டில் கட்டி வாடி போட்டதும் இதாலதான், இப்ப வெள்ளைக்காரர் மே மாசம் துவங்கி வந்து குவியிறதும் இதாலதான்.

உப்புவெளிப் பக்கம் விடியக்காலமை போனா கரைவலை இழுக்கிறதைப் பாக்கலாம், போறவை நித்திரை கொள்ளாமப் போய்ப் பாருங்கோ. தோணி வலையை அரைவட்டமாப் போட்டுக்கொண்டு வந்து கரையில ரெண்டு தலைப்புக் கயிறையும் குடுக்கும், பிறகு ரெண்டு வரிசையா ஆக்கள் நிண்டு இழுப்பினம். சின்னப் பெடியள் நாங்களும் கயிறில தொங்குவம், இழுத்தமோ இல்ல கயிறு எங்களை இழுத்ததோ தெரியாது, ஆனா வலையின்ர மடி கரைக்கு வரேக்க கீரி மீன் ஒரு பிடி சாரத்தில போட்டு விடுவினம். அம்மா அதை மஞ்சள் உப்புப் போட்டுப் பொரிச்சுத் தர, இடியப்பமும் சொதியும் சம்பலும் வைச்சுச் சாப்பிடுறது, ஹொட்டல் பஃபேயில எத்தின தட்டு எடுத்தாலும் அது வராது.

சாப்பாட்டுக் கதையில பாலைப்பழத்தை விட ஏலாது. ஆனி ஆடியில காட்டுப் பக்கத்தால வரும், மஞ்சள் நிறத்தில விரல்நுனி அளவு. நல்ல இனிப்பு, ஆனா பால் இருக்கு, ஒரு சுண்டு சாப்பிட்டா மேலுதடும் கீழுதடும் ஒட்டிப்போகும். பாலைப்பழம் திண்டுட்டு வகுப்புக்கு வந்த ஒருத்தனிட்ட மாஸ்ரர் கேள்வி கேக்க, அவன் எழும்பி நிண்டு வாய் திறக்காம முழிக்க, பதில் தெரியாமத்தான் நிக்கிறான் எண்டு அடி போட்டுது. தேங்காயெண்ணெய் பூசினாத்தான் அது போகும். அதோட தம்பலகாமத்துச் சட்டித் தயிர். எருமைப்பால், மண்சட்டி தண்ணியைக் குடிச்சிடும் எண்டபடியா தயிர் அப்பிடி இறுகி இருக்கும், சட்டியைக் கவிட்டுப் பிடிச்சாலும் விழாது. எங்கட வாங்கில இருந்த கிண்ணியாப் பெடியன் சில நாள் மட்டிக்கறி கொண்டு வருவான், அவன்ர உம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறட்டினது, நான் குடுக்கிற தோசைக்கு அது மாத்து. வியாபாரத்தில அவனுக்கு நட்டம்தான், பாவம்.

இடங்களைப் பற்றிச் சொல்லுறதெண்டா கோணேசர் கோயிலுக்கு நான் சொல்லித்தான் போகவேணும் எண்டில்ல. சம்பந்தர் பாடின தலம், 1622ல போர்த்துக்கேயர் இடிச்சு அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தவங்கள், 1956ல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடி, கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழ கடலுக்குள்ள கோயில் கல்லுகளைக் கண்டவை, 1963ல கும்பாபிஷேகம். இவ்வளவையும் எங்கட சரித்திர சேர் இராவணன் வெட்டு எண்ட மலைப்பிளவுக்குப் பக்கத்தில நிண்டு காத்துக்கு மேலால கத்திக் கத்திச் சொல்லுவார், எங்களுக்கு கண் முழுக்கக் கோட்டை வாசல் மான்களிலதான். மான்கள் இப்பவும் நிக்குது, ரவுணுக்குள்ளயும் நடந்து திரியுது, பிள்ளையள் பிஸ்கட் பேப்பரோட எறியாமப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆடி அமாவாசைக்கு நிக்கிற ஆக்கள் கடல் தீர்த்தத்துக்குப் போங்கோ.

கன்னியாவில ஏழு கிணறு, ஏழும் சின்னது, ஏழும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கினது எண்டு கதை, அதாலதான் இப்பவும் அந்தியேட்டிக்கு அங்க போறது. சின்னனில ஒரு கிணத்துத் தண்ணியை வாளியால வாத்துப்போட்டு மற்றதுக்கு ஓடுவம், எது கூடச் சூடு எண்டு அடிபடுவம். அம்மம்மாவின்ர முப்பத்தோராம் நாளுக்குப் போனபோதுதான் முதல்முதல் ஓடாம நிண்டு குளிச்சனான். புறாமலைத் தீவு, அது 2003ல இருந்து தேசியப் பூங்கா, நிலாவெளியில போட் எடுக்கலாம், பவளப்பாறையில மட்டும் கால் வைக்காதேங்கோ. சல்லி அம்மன் பொங்கல் வைகாசியில, லீவுக்குப் போறவைக்குச் சரிவராது.

இனி வெருகல்.

சித்திரவேலாயுத சுவாமி கோயில், எங்கட மாவட்டத்தின்ர தெற்குத் தொங்கல், மகாவலி பிரிஞ்சு வாற வெருகல் ஆத்தங்கரை. ஆவணித் திருவிழா. அந்தப் பக்கத்தால மட்டக்களப்புச் சனம் மாட்டுவண்டியிலயும் நடையிலயும் வரும், இந்தப் பக்கத்தால நாங்கள், நடுவில முருகன். மரத்துக்கு மரம் சீலையும் கிடுகும் கட்டி, அடுப்பு மூட்டி, ஆத்தில குளிச்சு, நாள்க்கணக்காக் கிடக்கிறது. இரவில ஆத்தங்கரை முழுக்க அடுப்பு வெளிச்சம்தான்.

1978 ஆவணி, எங்கட வகுப்பில இருவத்திரண்டு பேரை சரித்திர சேர் கூட்டிக்கொண்டு போனார். விடியவே ஜெட்டியில லோஞ்ச் ஏறி கொட்டியாரக் குடாவுக்கு மேலால மூதூருக்கு, அங்க இருந்து கிளிவெட்டிப் பக்கத்தால மிசின் பெட்டியில, மிசின் எண்டா ட்ராக்டர்தான், லண்டன் பிள்ளையளுக்குச் சொல்லிவையுங்கோ. லோஞ்சிலயும் சேர் விடேல்ல, 1660ல இந்தக் கரையிலதான் ரொபேட் நொக்ஸ் எண்ட வெள்ளைக்காரனைக் கண்டி ராசான்ர ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போனது, கிட்டத்தட்ட 20 வருசம் அவன் மலைநாட்டில கிடந்தவன் எண்டு. அந்தாள் சொல்லிக்கொண்டிருக்க நான் செய்த வேலைதான் பிறகு வினையா வந்தது. கிழங்குப் பிரட்டலும் தேங்காய்ச் சம்பலும் இருந்த ரெண்டு வாளிக்கும் நான்தான் பொறுப்பு. லோஞ்சில இடமில்ல, கொண்டுபோய் இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில வைச்சிட்டன். வெருகலில மூடியைத் திறக்க நுரை. சம்பல் புளிச்சு மணக்குது, கிழங்கு நூல் இழுக்குது, மிச்சம் இருந்த பாண் கச்சான் காத்தில காஞ்சு பலகை. வெயிலுக்குப் பழுதாப்போச்சு எண்டு எல்லாரும் நினைச்சினம், நானும் அப்பிடியே விட்டிட்டன். 47 வருசம் கழிச்சு இஞ்சதான் முதல்முறை ஒப்புக்கொள்ளுறன், அப்ப பசி கிடந்தவை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கையில இருந்த சில்லறையெல்லாம் பொறுக்கிச் சேத்து கச்சான் வாங்கினம். கச்சான்கடை வரிசையா இருக்கும், ஒவ்வொண்டிலயும் ஒரு அக்கா, தாச்சியில மணலைக் கொதிக்க விட்டுக் கச்சானைக் கொட்டி அகப்பையால கிண்டுவா, பிறகு அரிக்கிறது, சுண்டில அளந்து கடதாசிச் சரையில போடுறது. என்ர சரையை விரிச்சா அது ஆரோ ஒரு பிள்ளையின்ர கணக்குக் கொப்பி ஒற்றை, சிவப்பு மையில பத்துக்கு ரெண்டு. அந்த ஒற்றையை எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சதுதான் எங்கட மத்தியானச் சாப்பாடு. ஆத்துத் தண்ணியும் குடிச்சுப்போட்டு மருதமரத்துக்குக் கீழ படுத்தம். சேர் ஒண்டும் சொல்லேல்ல, அந்தாள் கச்சானும் தின்னேல்ல.

பக்கத்துக் கொட்டிலில ஒரு கிழவி, மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்தில இருந்து வண்டியில வந்தவை, மகன் மருமகள் பேரப்பிள்ளையள் எண்டு ஒரு பட்டாளம். மனுசி எங்களைப் பாத்துக்கொண்டே இருந்திருக்கு. பொழுதுபடேக்க பெரிய கிடாரம் ஒண்டை ரெண்டு பேர் தடி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில வைச்சினம். சோறு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய், ஒரு சட்டி தயிர். "இந்தா மனே, வெக்கப்படாம தின்னுங்க" எண்டுது. இலை காணாது, ஒரு இலையில மூண்டு பேர். பூசணிக்காய் தோலோட, மிளகாய்த்தூள் இல்லாம, மஞ்சளாக் குழைஞ்சு, தேங்காய்ப்பால் விட்டது. அதைப் பிறகு நான் எத்தினயோ தரம் சமைச்சுப் பாத்திட்டன், என்ர மனுசியும் பேசாமச் சாப்பிடுவா, வருகுதில்ல.

சேர் கணக்கில கெட்டி, ஆரிட்டயும் சும்மா ஒரு தேத்தண்ணி குடியாத மனுசன், சேட் பொக்கற்றில இருந்து காசை எடுத்து நீட்டினார். கிழவி கையைப் பின்னால கட்டிக்கொண்டுது. "காசெல்லாம் வேணாம் வாத்தியார். வாற வருசம் நீங்க ஆக்குங்க, நாங்க வந்து தின்னுறம்" எண்டுது. சேர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஊர் பேர் கேக்கேல்ல, கேக்கவேணும் எண்டு ஒருத்தருக்கும் தோணவும் இல்ல.

அந்த வருசம் கார்த்திகை, நவம்பர் 23, மட்டக்களப்பைச் சூறாவளி அடிச்சுது. தென்னை ஒண்டும் மிஞ்சேல்ல எண்டு சனம் வந்து சொல்லிச்சுது.

1979 ஆவணிக்கு சேர் ஒரு கோயிலில இரவலாக் கிடாரம் ஒண்டு எடுத்தார், அரிசி பூசணிக்காய் எல்லாம் தன்ர காசில. லோஞ்சில கிடாரத்தைக் கவிட்டு அதுக்கு மேல நாங்கள் இருந்தம், இஞ்சின் பக்கமே நான் போகேல்ல. போன வருசம் இருந்த அதே மருதமரம், அதே இடத்தில அடுப்பு. சமைச்சு முடிஞ்சதும் சேர் சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு கொட்டில் கொட்டிலாப் போய், "படுவான்கரையில இருந்து வந்தவை ஆரும் இருக்கினமோ, ஒரு வயசுபோன அம்மா, பெரிய குடும்பம்" எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சார். அந்தப் பக்கம் இந்தமுறை கனபேர் வரேல்ல, வீட்டுக்குக் கூரை இன்னும் போட்டு முடியேல்ல எண்டு ஆரோ சொல்லிச்சினம். சேர் திரும்பி வந்து கிடாரத்துக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் நிண்டார், பிறகு "வாற ஆக்களுக்குப் போடுங்கோடா" எண்டார். போட்டம். அர்த்தசாமப் பூசை மணி அடிக்க முதல் கிடாரம் காலி. சேர் அண்டைக்கும் சாப்பிடேல்ல எண்டுதான் நினைக்கிறன்.

அதுக்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், எழுதேல்ல. லோஞ்சில திரும்பிப் போகேல்ல, வெருகலுக்கும் போகேல்ல, சேரும் போயிட்டார்.

போன கோடைக்கு மகளோட போனன். மூதூர் லோஞ்சில போவம் எண்டு ஓட்டோத் தம்பியிட்டச் சொல்ல, அவன் திரும்பி என்ர முகத்தைப் பாத்தான். "ஐயா, கிண்ணியாப் பாலத்தால போனா எவ்வளவு சுகம், லோஞ்சில போய் என்ன செய்யப்போறியள்?" ஞாயந்தான், 396 மீற்றர் பாலம், 2009ல திறந்தது, முந்தி பாதை எண்ட மிதவை ஏறக் காத்துக் கிடந்த இடத்தை ஒரு கொட்டாவி விடுறதுக்குள்ள தாண்டியாச்சு. றோட்டும் நல்ல றோட்டு. மகள் போனில மப்பைப் பாத்து இன்னும் எத்தின நிமிசம் எண்டு சொல்லிக்கொண்டு வாறாள். பசிக்க முதலே வெருகல் வந்திட்டுது. எனக்குக் கொஞ்சம் கோவம்தான், ஆரோட கோவிக்கிறது எண்டு தெரியேல்ல.

கச்சான்கடையள் இருக்கு. இப்ப பொலித்தீன் பையில தாறாங்கள், வாசிக்க ஒண்டும் இல்ல. கொட்டிலுகள் குறைவு, வானில வந்து கும்பிட்டுட்டு அண்டைக்கே திரும்பிற சனம்தான் கூட, ஆனா ஆத்தங்கரையில நாலைஞ்சு அடுப்பு எரிஞ்சுது. எந்த மருதமரம் எண்டு எனக்குத் தெரியேல்ல, எல்லாம் அதுமாதிரியே நிக்குது.

இந்த வருசம் லீவுக்குப் போறவை வெருகல் கொடியேத்தத்துக்குப் பிறகு ஒரு கிழமையெண்டாலும் நிக்கிற மாதிரி டிக்கெற் போடுங்கோ. தம்பலகாமத்தில என்ர ஒண்டவிட்ட அண்ணரிட்ட கேட்டு வைச்சிருக்கிறன், நூறு பேருக்குச் சமைக்கலாம், கிடாரம் அவற்ற கொட்டிலில கவிட்டுக் கிடக்கு. விறகு அங்க வாங்கலாம். பூசணிக்காய் வெட்டவும் தேங்காய் துருவவும் ஆக்கள் வேணும், துருவுபலகையில இருக்க முழங்கால் விடாது எண்டுறவை பிள்ளையளை அனுப்புங்கோ. வாளிப் பொறுப்பை மட்டும் எனக்குத் தரவேண்டாம்.